நாலு பக்கமும் தெரிஞ்சா பரப்பளவு தெரிஞ்சிடுமா?

கேட்டவர் சொன்னதை முதல்ல ஒரு தடவை திருப்பிச் சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியும். பத்திரத்துல கிழமேல் வடபுறம் 40 அடி, தென்புறம் 44 அடி, தென்வடல் கீழ்புறம், அதாவது கிழக்குப் பக்கம், 60 அடி, மேல்புறம், அதாவது மேற்குப் பக்கம், 58 அடின்னு போட்டிருக்கு. புரோக்கர் எதிரெதிர் பக்கத்தை சராசரி எடுத்து 42ஐ 59ஆல பெருக்கி 2478 சதுர அடின்னு விலை பேசறார். உங்க பையன், பத்தாவது படிக்கறவன், நெட்ல ஏதோ ஒரு பார்முலா பிடிச்சு போட்டுப் பார்த்துட்டு 2476க்கு துளி கம்மியா வருதுங்கறான். இதுல எது சரி? கூடவே கடைசி வரியில, பக்கத்து மனை 30க்கு 40, எதிர்ப்பக்கம் ரெண்டும் ரெண்டும் சமம், அப்போ அது செவ்வகம்தானேன்னும் கேட்டிருக்கீங்க. பார்க்க ரெண்டு கேள்வி மாதிரி இருக்கு, ஆனா உள்ள இருக்கறது ஒண்ணுதான். நாலு பக்கத்தோட நீளம் மட்டும் தெரிஞ்சா ஒரு நாற்கரத்தோட உருவம் முடிவாயிடுமான்னு கேக்கறீங்க. ஆகாது. அதனால புரோக்கர் சொன்னது நிச்சயமா தப்பு, பையன் சொன்னது அநேகமா தப்பு. ஏன் ஒண்ணு நிச்சயம், இன்னொண்ணு அநேகம்னு கீழ வர்றேன்.

நான் கணக்கு வாத்தியார் இல்லங்க. சிவில் டிப்ளமோ முடிச்சுட்டு இருபத்திரெண்டு வருஷமா வீட்டு பிளான் போடறது, மனை அளந்து குடுக்கறது, பேங்க் லோனுக்கு எஸ்டிமேட் போடறதுன்னு ஓடிட்டிருக்கு. அதனால எனக்குத் தெரிஞ்ச வடிவியல் எல்லாம் டேப்பும் சுண்ணாம்பும் கயிறுமா படிச்சதுதான். ஆனா இந்த விஷயத்துல அது போதும், ஏன்னா இந்த தப்பை நானே ஒரு தடவை பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டவன்.

மொதல்ல வீட்ல ஒரு வேலை செய்ங்க. விளக்குமாத்துல இருந்து ஒரே நீளத்துல நாலு ஈர்க்குச்சி உருவி முனைக்கு முனை நூலால கட்டுங்க, ரொம்ப இறுக்காம. நாலு மூலையா ஒரு சட்டம் கிடைக்கும். அதை ஒரு பக்கமா தள்ளுங்க, அப்படியே சாயும். குச்சியோட நீளம் எதுவும் மாறல, ஆனா உள்ள இருக்கற இடம் குறைஞ்சுக்கிட்டே போகுது பாருங்க, கடைசியில குச்சியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு படுத்துடற அளவுக்குக்கூட கொண்டு போகலாம். இப்போ மூணு குச்சி மட்டும் கட்டிப் பாருங்க. தள்ளினா நகராது, கட்டின முக்கோணம் கட்டினபடியே நிக்கும். முக்கோணத்துக்கு மூணு பக்கம் சொல்லிட்டா கோணம், உயரம், பரப்பளவு எல்லாம் சேர்ந்து வந்துடும், நாற்கரத்துக்கு அப்படி வராது, அஞ்சாவதா இன்னொரு அளவு வேணும். கதவு நிலை செய்யற ஆசாரி, நிலையை சைட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி மூலையில குறுக்கா ஒரு ரீப்பரை அடிச்சு அனுப்புவார் பார்த்திருக்கீங்களா, அது இதுக்குத்தான். அந்த குறுக்குக்கட்டை நாற்கரத்துக்குள்ள ஒரு முக்கோணத்தை உண்டாக்கிடுது, அப்புறம் லாரியில எப்படி தூக்கிப் போட்டாலும் நிலை கோணாது. உங்க பையனும் இதைப் படிச்சிருப்பான். எட்டாவது செய்முறை வடிவியல்ல நாற்கரம் வரையச் சொல்லும்போது நாலு பக்கமும் ஒரு மூலைவிட்டமும்பாங்க, இல்ல நாலு பக்கமும் ஒரு கோணமும்பாங்க, இல்ல மூணு பக்கமும் ரெண்டு மூலைவிட்டமும்பாங்க. எதை எடுத்தாலும் மொத்தம் அஞ்சு அளவு. நாலு பக்கம் மட்டும் குடுத்து வரைன்னு ஒரு கணக்குகூட இருக்காது. மார்க் வாங்கிட்டு மறந்துடறோம், அவ்வளவுதான்.

இப்போ உங்க மனைக்கே வருவோம். வடமேற்கு மூலையில இருந்து தென்கிழக்கு மூலைக்கு டேப்பை பிடிச்சா எவ்வளவு வரும்னு பத்திரத்துல இல்ல. அது 70 அடின்னு வெச்சுக்கிட்டா பரப்பளவு 2470 சதுர அடி வரும். 80 அடின்னா 2408. 60 அடின்னா 2334.5தான். 85 அடியா இருந்தா 2270. எல்லாத்துலயும் நாலு பக்கம் அதே 40, 60, 44, 58தான், பத்திரத்துல ஒரு எழுத்து மாறாது. கணக்குக்காக இழுத்துக்கிட்டே போனா, அந்தக் குறுக்களவு 100 அடியை நெருங்கும்போது பரப்பளவு 500 கிட்ட வந்துடும், அப்படி ஒரு மனையை யாரும் விக்கவும் மாட்டாங்க வாங்கவும் மாட்டாங்கங்கறது வேற. ஆனா 2408க்கும் 2478க்கும் நடுவுல இருக்கற 70 சதுர அடி நிஜமான விஷயம். சதுர அடி 2000 ரூபாய்னா 1,40,000 ரூபாய். இல்லாத இடத்துக்கு ஒன்றரை லட்சம் கிட்ட குடுக்கறதுக்கு பதிலா அந்தக் காசுல போர் போட்டுக்கலாம்.

புரோக்கர் போட்ட கணக்கை ஏன் நிச்சயமா தப்புன்னு சொல்றேன்னா, 2478ங்கற பரப்பளவு இந்த நாலு பக்கத்தை வெச்சு எந்த ஜென்மத்துலயும் வராது. மூலைவிட்டம் என்னன்னே தெரியாம எப்படி சொல்றேன்னு கேப்பீங்க. 40, 60 ரெண்டு பக்கமும் சேர்ற மூலையை எடுங்க. அந்த ரெண்டு பக்கமும் வர்ற முக்கோணம் எவ்வளவு பெருசா இருக்க முடியும்? மூலை சரியா செங்கோணமா இருந்தாத்தான் அதிகபட்சம், அது 40 பெருக்கல் 60ல பாதி, 1200. அதுக்கு எதிர்ல இருக்கற 44, 58 முக்கோணம் அதிகபட்சம் 1276. மொத்தம் 2476. ஆக உங்க மனை 2476ஐ தாண்டாது, அவ்வளவுதான் உச்சவரம்பு. இன்னொரு மூலைவிட்டத்தால பிரிச்சுப் பார்த்தா 60, 44க்கு 1320, 58, 40க்கு 1160, மொத்தம் 2480. இந்த 2476ஐயும் 2480ஐயும் கூட்டி ரெண்டால வகுத்தா 2478. அதாவது புரோக்கர் சொல்ற நம்பர் ரெண்டு உச்சவரம்போட சராசரி, மனையோட பரப்பளவு இல்ல. எந்த நாற்கரத்துக்குப் போட்டாலும் இப்படித்தான், அந்த சராசரி முறை கூடத்தான் காட்டும், குறைச்சு ஒருநாளும் காட்டாது. சரியா வர்றது செவ்வகத்துக்கும் சதுரத்துக்கும் மட்டும். விக்கறவங்களுக்கு இந்த முறை ஏன் இவ்வளவு பிடிக்குதுன்னு நான் தனியா சொல்லணுமா.

அதுக்காக புரோக்கரை ரொம்பத் திட்டவும் வேண்டாம், இது அவர் கண்டுபிடிச்ச ஏமாத்து வேலை இல்ல. எகிப்துல எட்ஃபூங்கற ஊர்ல ஹோரஸ் கோயில் இருக்கு, அந்த சுவத்துல கோயிலுக்கு தானமா வந்த நிலங்களோட கணக்கை வெட்டி வெச்சிருக்காங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. அதுலயும் எதிர்ப்பக்கத்தோட சராசரியை பெருக்கறதுதான் முறை. மூணு மூலை நிலத்துக்குக்கூட ஒரு பக்கம் ஒண்ணுமில்லன்னு வெச்சுக்கிட்டு அதே கணக்கைப் போட்டிருக்காங்க. வரி போடறதுக்கு தோராயமா போதும்னு விட்டிருப்பாங்க போல. சதுர அடி கணக்குல காசு எண்ணிக் குடுக்கற நமக்கு போதாது.

பையன் போட்டது பிரம்மகுப்தர் சூத்திரம். நாலு பக்கத்தையும் கூட்டி பாதி எடுத்தா 101, அதுல இருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழிச்சா 61, 41, 57, 43, நாலையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 2475.87. தம்பி கணக்குல பிசகே இல்ல, சபாஷ்னு சொல்லுங்க. விஷயம் என்னன்னா அந்த சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கு. நாலு மூலையும் ஒரே வட்டத்து மேல உக்காரணும், வட்ட நாற்கரம்னு பாடத்துல வரும், எதிர்மூலைகள் ரெண்டையும் கூட்டினா 180 டிகிரி வரணும். அப்படி இருந்தா மட்டும்தான் அது பரப்பளவு. இல்லன்னா அது வெறும் உச்சவரம்பு, அந்த நாலு பக்கத்தை வெச்சு அதிகபட்சம் எவ்வளவு இடத்தை வளைக்க முடியுமோ அந்த அளவு. மேல நான் கண்ணால பார்த்து சொன்ன 2476ங்கற வரம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சொல்லுது, அவ்வளவுதான். உங்க மனையோட நாலு கல்லும் தற்செயலா ஒரு வட்டத்துல உக்காந்திருந்தா பையன் சொன்னது சரி. அதனாலதான் அவனை அநேகமா தப்புன்னு மட்டும் சொன்னேன்.

இதுல ஒரு பழைய சண்டை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிரம்மகுப்தர் 628ல எழுதின பிரம்மஸ்புட சித்தாந்தத்துல ஒரே பாட்டுல ரெண்டு முறையும் சொல்றார். எதிர்ப்பக்கங்களைக் கூட்டி பாதி எடுத்து பெருக்கறது ஸ்தூலம், அதாவது தோராயம், இந்த வர்க்கமூலக் கணக்குதான் சூட்சுமம், அதாவது துல்லியம்னு. புரோக்கர் ஸ்தூலம், உங்க பையன் சூட்சுமம்! ஆனா வட்டத்துல இருக்கற நாற்கரத்துக்கு மட்டும்தான்னு அந்தப் பாட்டுல வெளிப்படையா சொல்லல. ஐநூறு வருஷம் கழிச்சு பாஸ்கராச்சாரியார் 1150ல லீலாவதியில இதைப் பிடிச்சுக்கிட்டார். நாலு பக்கம் அதே அளவுல இருந்தாலும் மூலைவிட்டம் மாறினா பரப்பளவு மாறுமே, செங்குத்தையோ மூலைவிட்டத்தையோ சொல்லாம நாற்கரத்துக்கு பரப்பளவு கேக்கறவன் பிசாசு, அதுக்கு பதில் சொல்றவன் அதைவிடப் பெரிய பிசாசுங்கற அர்த்தத்துல காட்டமா எழுதி வெச்சிருக்கார். ஆக நீங்க பிசாசு, நான் பெரிய பிசாசு. கோவிச்சுக்காதீங்க, எண்ணூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடியே உங்க கேள்வியை ஒருத்தர் பார்த்துட்டார்னு சந்தோஷப்படுங்க.

இடையில ஒருத்தர், வடபுறமும் தென்புறமும் இணையா இருந்தா சரிவகம்தானே, சரிவக பார்முலா போடுங்கன்னு எழுதியிருந்தார். அவர் சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, ஒரு குழியும் இருக்கு. உண்மை என்னன்னா, எந்த ஜோடி இணைங்கறது உறுதியா தெரிஞ்சு, அந்த ரெண்டும் வேற வேற நீளமா இருந்தா, நாலு பக்கமே போதும், அஞ்சாவது அளவு தேவையில்ல. ஏன்னா இணைங்கற தகவலே அஞ்சாவது அளவு மாதிரி. ஒரு சாய்வுப் பக்கத்தை அப்படியே நகர்த்தி இன்னொரு சாய்வுப் பக்கத்தோட ஒட்ட வெச்சா 4, 60, 58னு ஒரு முக்கோணம் கிடைக்கும், 44ல 40 போனா 4. அதோட உயரம்தான் சரிவகத்தோட உயரம். போட்டுப் பாருங்க, 51.07 அடி வரும். சராசரி 42ஆல பெருக்கினா 2145 சதுர அடி! 2478 எங்க, 2145 எங்க. நிறைய பேர் விழற குழி இதுதான், சரிவக பார்முலாவுல வர்ற உயரத்துக்கு பதிலா சாய்வுப் பக்கத்தையே போட்டுடறாங்க. அப்படி ஒரு மனைன்னா அது மேற்கால கிட்டத்தட்ட முப்பது அடி சாஞ்சு நிக்கும், கண்ணுலயே தெரியும், ரோடு கோணலா போற லேஅவுட்ல பார்த்திருப்பீங்க. உங்க மனை அப்படி சாஞ்சு இருக்கறதா நீங்க சொல்லல, அதனால வடபுறமும் தென்புறமும் சரியா இணையா இருக்காதுன்னு நினைக்கறேன், இது யூகம்தான். ஆனா கீழ்புறமும் மேல்புறமும் இணையா இருக்கவே முடியாதுங்கறது யூகம் இல்ல. 60ல 58 போனா 2, மீதி பக்கம் 40, 44. 2, 40, 44னு முக்கோணம் கட்ட முடியுமா, ரெண்டும் நாப்பதும் சேர்ந்தாலே நாப்பத்திரெண்டுதான், நாப்பத்திநாலை எட்டாது.

இதே மாதிரி ஒரு சோதனை நாற்கரத்துக்கும் உண்டு, பத்திரம் கையில வந்ததும் நான் முதல்ல போடறது அதுதான். பெரிய பக்கம் மத்த மூணையும் கூட்டினதைவிட சின்னதா இருக்கணும். ஒரு தடவை 20, 25, 22, 70னு ஒரு பத்திர நகல் வந்துச்சு. மூணையும் கூட்டினா 67, எழுபது அடிக்கு மூடவே மூடாது. நேர்ல போய் அளந்தா 17 அடி, டைப் பண்ணும்போது காதுல விழுந்தது வேற.

சரி, பக்கத்து மனை, 30க்கு 40. எதிர்ப்பக்கங்கள் சமம்னா அது இணைகரம், அதுல சந்தேகமில்ல. செவ்வகமான்னு சொல்ல முடியாது. அதே மாதிரி நாலு பக்கமும் சமம்னா சாய்சதுரம், சதுரம்னு சொல்லணும்னா ஒரு மூலையாவது செங்கோணம்னு தெரியணும். நான் வாங்கிக் கட்டிக்கிட்டது இங்கதான். தொழிலுக்கு வந்த புதுசு, ஓனர் 30க்கு 40னு சொல்லிட்டார், நானும் நாலு பக்கத்தை அளந்தேன், டாண்ணு முப்பது நாப்பது முப்பது நாப்பது. ஆபீசுக்கு வந்து செவ்வகமா வரைஞ்சு, பக்கவாட்டுல மூணு அடி விட்டு வீட்டை உக்கார வெச்சுக் குடுத்துட்டேன். மார்க்கிங் அன்னிக்கு கொத்தனார் கயிறு கட்டிட்டு நின்னுக்கிட்டே சிரிக்கறார். முன்னாடி மூணு அடி இருந்த சந்து பின்னாடி போகப் போகக் குறுகி, பின்மூலையில சுவர் பக்கத்து மனைக்குள்ள அரை அடி போகுது. மூலைக்கு மூலை டேப் போட்டா ஒண்ணு 52 அடிக்கு ஒரு அரை அங்குலம் மேல, இன்னொண்ணு 47 அடி 10 அங்குலம். செவ்வகமா இருந்தா ரெண்டும் 50 அடி இருக்கணும். மூலை 90 டிகிரிக்கு பதிலா 85, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா 40 அடி ஆழத்துக்கு அது மூணரை அடி சாய்வு. ஓனர் அன்னிக்கு என்னை விட்ட விடு இருக்கே, அதை இங்க எழுத முடியாது. கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி பார்த்ததால பிளானை மாத்திப் பொழைச்சேன்.

இதுல இன்னொரு விசித்திரம், அந்த மனையோட பரப்பளவு 1200க்கு பதிலா 1195, அஞ்சு சதுர அடிகூட முழுசா குறையல. மூலைவிட்டங்கள் நாலு அடி வித்தியாசத்துல கத்துது, பரப்பளவு சத்தமே போடல. மூலை 75 டிகிரிக்கு போனாலும் பரப்பளவு 1159தான் ஆகும், ஆனா மூலைவிட்டம் ஒண்ணு 56 அடியை நெருங்கிடும், இன்னொண்ணு 43 அடி சொச்சம். அதனால மனை சதுரிச்சு இருக்கான்னு பார்க்க பரப்பளவு உதவாது, மூலைக்கு மூலை அளவுதான் உதவும். இணைகரத்துக்கு ஒரு நல்ல குணமும் உண்டு, ரெண்டு மூலைவிட்டத்தையும் தனித்தனியா வர்க்கம் எடுத்துக் கூட்டினா நாலு பக்கத்தோட வர்க்கங்களோட கூட்டல் வரும், 30, 40க்கு 5000. கூட்டினா 5000 கிட்ட வரலைன்னா மனையில தப்பு இல்ல, டேப் தொங்கியிருக்கு, இல்ல பிடிச்சவர் கொக்கியை தப்பா மாட்டியிருக்கார். ஆனா ஒண்ணு, மூலைவிட்டம் ரெண்டும் சமம், அதனால செவ்வகம்னு மட்டும் முடிவு கட்டிடாதீங்க. இருசமபக்க சரிவகத்துக்கும் மூலைவிட்டங்கள் சமமாத்தான் இருக்கும். எதிர்ப்பக்கமும் சமம், மூலைவிட்டமும் சமம், ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தான் செவ்வகம். கொத்தனாருங்க மூலைமட்டம் வெச்சோ, 3, 4, 5 அடி போட்டோ ஒரு மூலையை செங்கோணமா பிடிச்சுட்டு, கடைசியா மூலைக்கு மூலை ஒத்துப் பார்க்கறது இதுக்குத்தான்.

இப்போ நீங்க செய்ய வேண்டியது. 100 அடி டேப் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, 50 அடி டேப்பை ரெண்டு தடவை போட்டா நடுவுல கோணும். நாலு பக்கத்தையும் நீங்களே திரும்ப அளங்க, பத்திரத்தை நம்ப வேண்டாம். அப்புறம் வடமேற்கு தென்கிழக்கு ஒண்ணு, வடகிழக்கு தென்மேற்கு ஒண்ணுன்னு ரெண்டு மூலைவிட்டமும் அளங்க. கணக்குக்கு ஒண்ணே போதும், ரெண்டாவது சரிபார்க்க. முதல் மூலைவிட்டம் 80 அடின்னு வந்துச்சுன்னு வைங்க, ஒன்பதாவதுல வர்ற ஹெரான் சூத்திரத்தை ரெண்டு முக்கோணத்துக்கும் போடுங்க. 40, 60, 80க்கு கூட்டி பாதி 90, கழிச்சா 50, 30, 10, எல்லாத்தையும் பெருக்கினா 13,50,000, வர்க்கமூலம் 1162. 44, 58, 80க்கு பாதி 91, கழிச்சா 47, 33, 11, பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 1246. மொத்தம் 2408. இது சரியான்னு பார்க்கணும்னா இன்னொரு மூலைவிட்டம் 63 அடி 11 அங்குலம் பக்கத்துல வரணும். ரெண்டு மூணு அங்குலம் முன்னப்பின்ன இருந்தா பரவாயில்ல, ஒரு அடி வித்தியாசம் வந்தா ஆறு அளவுல ஏதோ ஒண்ணு தப்பு, திரும்ப அளங்க. பையன்கிட்ட விடுங்க, பத்து நிமிஷத்துல போட்டுடுவான்.

நடுவுல பழைய வீடோ கிணறோ புதரோ இருந்து குறுக்க டேப் போகலைன்னா, ஒரு மூலையில இருந்து ரெண்டு பக்கத்துலயும் பத்து பத்து அடி குறிச்சு, அந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல அளந்துக்கிட்டா அந்த மூலையோட கோணம் கிடைச்சுடும், அதை வெச்சு மூலைவிட்டத்தைக் கணக்குலயே எடுத்துடலாம். ஆனா இதை நான் வேற வழியில்லன்னா மட்டும் செய்வேன். அங்க ஒரு அங்குலம் பிசகினா உங்க மனை அளவுக்கு மூலைவிட்டத்துல அஞ்சு அங்குலம் கிட்ட பிசகும். இன்னும் ரெண்டு விஷயம். நாலு மூலையில ஒண்ணு உள்ள மடிஞ்சு அம்புமுனை மாதிரி இருந்தா, ஒரு மூலைவிட்டம் மனைக்கு வெளியில போயிடும், அதை வெச்சு கூட்டாதீங்க, உள்ள போற மூலைவிட்டத்தை மட்டும் எடுங்க. தரை சரிவா இருந்தா டேப்பை தரையோட படுக்க விடாம மட்டமா தூக்கிப் பிடிச்சு அளக்கணும், நிலத்தோட அளவுன்னா மட்டத்துல எடுத்த அளவுதான்.

பத்திரத்துல ஒரு அளவு, எஃப்எம்பியில, அதாவது சர்வே டிபார்ட்மெண்டோட புல அளவு வரைபடத்துல, ஒரு அளவு, தரையில ஒரு அளவுன்னு இருந்தா எது செல்லுங்கறது கணக்கு இல்ல, அது சட்டம், அதுக்கு நான் ஆள் இல்ல, வக்கீலைப் பாருங்க. ஆனா எஃப்எம்பியை வாங்கிப் பார்த்துடுங்க, சர்வே டிபார்ட்மெண்ட்காரங்க புலத்தை பொதுவா குறுக்குக்கோடு போட்டு முக்கோணமா உடைச்சுத்தான் அளந்திருப்பாங்க, வெறும் நாலு பக்கத்தை நம்பி அவங்க பரப்பளவு எழுதறதில்ல. புரோக்கர் சென்ட்ல பேச ஆரம்பிச்சா ஒரு சென்ட் 435.6 சதுர அடின்னு ஞாபகம் வெச்சுக்கங்க, 2478ன்னா 5.69 சென்ட், 2408ன்னா 5.53. சென்ட்ல சொல்லும்போது வித்தியாசம் ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், அங்கதான் உஷாரா இருக்கணும்.

ஞாயித்துக்கிழமை அளந்துட்டு ரெண்டு மூலைவிட்டத்தையும் அடி, அங்குலத்தோட இங்கயே போடுங்க, நான் போட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க. பேச்சுல யாராவது சதுர அடி கேட்டா 2476க்கு மேல கிடையாதுன்னு மட்டும் தைரியமா சொல்லுங்க.